வாயில்லா ஜீவன்களுக்கு ஒரு தண்ணீர்க் குட்டை: நிலைத்து நிற்கும்படி கட்டுவது எப்படி?



மாசி பிறந்துவிட்டால் நம் பகுதியில் ஓடைகள் வற்றத் தொடங்குகின்றன. பங்குனி, சித்திரையில் காட்டுக்குள் பாறைச் சுனைகளும் காய்ந்துவிடுகின்றன. அந்த நாட்களில் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் நன்கொடையாளர்களில் சிலர், "பறவைகளும் மிருகங்களும் குடிக்க ஒரு தொட்டி கட்டலாமே, ஸதகத்துல் ஜாரியாவாக இருக்குமே" என்று கேட்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் எண்ணம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்பதை நாங்கள் அனுபவத்தில் கற்றோம். கட்ட நினைப்பவர்கள் எங்கள் தவறுகளைத் திரும்பச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எங்கள் முதல் தொட்டி

சில ஆண்டுகளுக்கு முன், தளி பக்கம் காட்டோரத்தில் அறக்கட்டளைக்கு உள்ள நிலத்தில் ஒரு தொட்டி கட்டினோம். ஆறடி நீளம், நான்கடி அகலம், மூன்றடி ஆழம். செங்கல் கட்டி, உள்ளே வழவழப்பாகச் சிமெண்ட் பூசினோம். துஆ ஓதி, லாரித் தண்ணீர் விட்டு, புகைப்படமும் எடுத்துக்கொண்டு வந்தோம்.

இரண்டாவது கோடையில் போய்ப் பார்த்தபோது ஒரு மூலையில் வெடிப்பு விழுந்து தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. தொட்டிக்குள் ஒரு முயலும் இரண்டு கௌதாரிக் குஞ்சுகளும் செத்து மிதந்தன. தாகத்துக்கு இறங்கியவை, செங்குத்தான வழுக்குச் சுவரில் ஏற முடியாமல் மூழ்கிப்போயின.

அதோடு முடியவில்லை. பக்கத்து நிலத்து அம்மா எங்களைப் பார்த்ததும் வரப்பு மேலேயே நின்று கேட்டார்: "பாய், உங்க தொட்டித் தண்ணிக்குப் பன்னி வருது. வர வழியில என் கடலைக்காட்டையும் கிளறிட்டுப் போகுது. புண்ணியம் உங்களுக்கு, நஷ்டம் எனக்கா?"

எங்களிடம் பதில் இல்லை. அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை நிர்வாகக் குழு கூடி ஈடு செய்தது. தொட்டியை இடித்தோம். பிறகு விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு, வயல்களை விட்டுத் தள்ளி வேறு இடத்தில், வேறு வடிவத்தில் கட்டினோம். அது இன்று வரை நிற்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்து மன்னிப்புப் பெற்றவரைப் பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். அதில் நாங்கள் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. அங்கே கிணறும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. நாய்க்கு இறங்கிக் குடிக்கத்தான் வழி இல்லை. அந்த மனிதர் தாமே இறங்கி, தம் காலுறையில் நீரை எடுத்து மேலே கொண்டுவந்தார். தண்ணீரை வைப்பதோடு நம் கடமை முடிவதில்லை, அது எட்டும்படி வைக்க வேண்டும் என்பதை முயல் செத்த பிறகுதான் உணர்ந்தோம்.

முதலில் இடம்

நம் மாவட்டத்தின் நிலை மற்ற இடங்களைப் போன்றதல்ல. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 504 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடும் காவிரி சரணாலயமும் இருக்கின்றன. யானைகளுக்கு மாநில எல்லை கிடையாது. மழைக்காலம் முடிந்து ராகி முற்றும் நாட்களில் பன்னேர்கட்டா பக்கமிருந்து கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக வருவதையும், சானமாவு காட்டில் தங்குவதையும் ஓசூரில் வாழும் எல்லோரும் அறிவோம். ஒரு பக்கம் சிப்காட் ஆலைகளும் புதிய மனைப்பிரிவுகளும், இன்னொரு பக்கம் வயல்கள். இரண்டுக்கும் நடுவில் அவை நடக்கின்றன.

வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஒரு கூட்டம் வந்தால் நம்முடைய சிறு குட்டை ஒரே இரவில் காலியாகும், விளிம்பும் நொறுங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, அந்த இடம் அவற்றுக்குப் பழகிப்போவது. அடுத்த முறை தேடி வரும்போது வழியில் மனிதர்கள் இருப்பார்கள், மின்வேலி இருக்கும், திறந்த கிணறு இருக்கும். 2020 நவம்பரில் தருமபுரி மாவட்டம் பஞ்சப்பள்ளி அருகே ஏலகுண்டூரில் ஒரு பெண் யானை விவசாயக் கிணற்றில் விழுந்து, பல மணி நேரம் போராடிக் கிரேன் வைத்து மீட்கப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

ஆகவே எங்கள் முதல் அறிவுரை இதுதான்: யானை நடமாடும் வழியில் தனியார் யாரும் குட்டை கட்ட வேண்டாம். காட்டுக்குள் தொட்டிகளுக்கு லாரியில் தண்ணீர் விடுவது, சூரிய ஒளி பம்பு வைத்து ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நிரப்புவது போன்ற பணிகளை வனத்துறை செய்துவருகிறது. பெரிய விலங்குகளுக்கு உதவ நினைப்பவர்கள் வனச்சரக அலுவலகத்தில் பேசி, அவர்கள் வழியாகவே செய்வது சரி. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றி நுழைவதும் கட்டுவதும் சட்டப்படி குற்றம். "நன்மைக்காகத்தானே செய்தோம்" என்பது அங்கே செல்லாது.

நாம் கட்டக்கூடியது முயல், கீரி, மயில், கௌதாரி, காடை, குரங்கு, அணில், ஓணான், தேனீ போன்ற சிறு உயிர்களுக்கான குட்டை. சொந்தப் பட்டா நிலமாகவோ உரிமையாளர் எழுதிக் கொடுத்த இடமாகவோ இருக்க வேண்டும். இடம் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

பக்கத்து விவசாயிகளிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அங்கே வேண்டாம். வனச்சரக அலுவலகத்திலும் ஒரு வார்த்தை சொல்லி ஆலோசனை பெறுங்கள்.

சாலைக்கும் ரயில் பாதைக்கும் அருகில் வேண்டாம். தண்ணீருக்காகச் சாலையைக் கடக்கும் விலங்கு வண்டியில் அடிபடும்.

ஓடைப் படுகையிலும் பள்ளத்திலும் வேண்டாம். முதல் பெருமழையில் வண்டல் வந்து மூடிவிடும். சற்று மேடான, கெட்டியான செம்மண் தரையே நல்லது. புதிதாக மண் கொட்டி நிரப்பிய இடம் அமுங்கும், அமுங்கினால் வெடிக்கும்.

ஒரு பக்கம் மரநிழல் இருக்கட்டும். மற்ற பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். சுற்றிலும் புதர் இருந்தால் குடிக்க வரும் பறவை, பூனை பதுங்கியிருப்பதை அறியாது.

வடிவம்: தொட்டி அல்ல, தாம்பாளம்

செங்குத்துச் சுவர் கூடாது. தாம்பாளத் தட்டுப்போல் எல்லாப் பக்கமிருந்தும் மெல்லச் சரிந்து நடுவில் ஆழமாக இருக்க வேண்டும். நாங்கள் கட்டியதன் அளவு: குறுக்கே 10 அடி, நடுவில் ஆழம் ஒன்றரை அடி. விளிம்பிலிருந்து நடு வரை ஐந்தடி தூரத்தில் ஒன்றரை அடிதான் இறங்குகிறது. ஓணான்கூட நடந்து ஏறிவிடும். குஞ்சுப் பறவை விளிம்பில் ஒரு விரல் ஆழத்தில் நின்று குடிக்கும், மயில் உள்ளே இறங்கிக் குடிக்கும். தண்ணீர் குறையக் குறைய நீர்க்கரை உள்நோக்கி நகர்வதால் கடைசிச் சொட்டு வரை எட்டும்.

இந்த அளவில் சுமார் 1,100 லிட்டர் பிடிக்கும். கோடை வெயிலில் ஆவியாகிப் போவது மட்டும் நாளொன்றுக்கு 50 லிட்டர் அளவுக்கு இருக்கும். நிழல் இருந்தால் குறையும். இதைவிட அகலமாகக் கட்டினால் ஆவியாவதும் கூடும். பெரிதாகக் கட்டிக் காயவிடுவதைவிட, சிறிதாகக் கட்டி நிரப்பி வைப்பது மேல்.

கட்டும் முறை

முதலில் நடுவில் ஒரு முளை அடித்து, ஐந்தரை அடிக் கயிற்றால் வட்டம் போடுங்கள். கட்டும் கனத்தையும் சேர்த்து, நடுவில் சுமார் இரண்டடி ஆழம் வரும்படி சரிவாகத் தோண்டுங்கள். வேர்களை வெட்டி எடுங்கள். மண்ணை நனைத்துத் திமிசுக் கட்டையால் நன்றாக இடியுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு எவ்வளவு சிமெண்ட் போட்டும் பயனில்லை.

விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ட்யூப் லெவல் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் குட்டை ஒருநாளும் நிறையாது. மழைநீர் வழிந்து போக, சரிவான பக்கத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு அரை அங்குலம் தாழ்வாக விட்டு, அதன் கீழே கல் பதியுங்கள்.

இடித்த மண்ணின் மேல் இரண்டு அங்குலம் ஜல்லியும் எம்-சாண்டும் பரப்பி இடியுங்கள். அதன் மேல் கம்பி வலை. வலை தரையோடு ஒட்டாமல் சிறு கற்களை அடியில் கொடுத்து உயர்த்துங்கள், அப்போதுதான் அது காங்கிரீட்டின் நடுவில் நிற்கும். தரையில் கிடக்கும் வலை எதையும் தாங்காது.

காங்கிரீட் கனம் நான்கு அங்குலம். ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு எம்-சாண்ட், மூன்று பங்கு முக்கால் அங்குல ஜல்லி. தண்ணீரைக் குறைவாகச் சேர்க்க வேண்டும். வேலை சுலபமாக இருக்க வேண்டும் என்று கலவையைத் தளரவிடுவது வழக்கம். சரிவில் அது வழிந்து இறங்கும், காய்ந்த பின் நுண்துளைகள் வழியே கசியும். முழுக் குட்டையையும் ஒரே நாளில் போட்டு முடியுங்கள். இன்று பாதி, நாளை பாதி என்றால் இரண்டும் சேரும் கோட்டில்தான் முதலில் ஒழுகும்.

காங்கிரீட் இறுகியதும் ஒன்றுக்கு மூன்று கலவையில் நீர்க்கசிவு தடுப்பு மருந்து சேர்த்து முக்கால் அங்குலம் பூசுங்கள். வழவழப்பாகத் தேய்க்கச் சொல்லாதீர்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்காகக் கோடு இழுத்துவிட்டால் கால் வழுக்காது. ஓரிரு தட்டைக் கற்களையும் சரிவில் பதித்துவிடலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டு முதல் பத்து மூட்டை சிமெண்ட் பிடிக்கும்.

விளிம்பைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குக் கல் பாவுவதை விட்டுவிடாதீர்கள். பல குட்டைகள் உடைவது நடுவில் அல்ல, விளிம்பில்தான். கால்பட்டு ஈர மண் கரைந்து, விளிம்புக்கு அடியில் பள்ளம் விழுந்து, தாங்க ஆளில்லாமல் ஒடிகிறது. கிருஷ்ணகிரி கிரானைட்டுக்குப் பெயர்போன மாவட்டம். கல் அறுக்கும் இடங்களில் கழிவாகக் கிடக்கும் துண்டுகள் இதற்குப் போதும்.

பிறகு நீராற்றுவது. ஈரச் சாக்கு போட்டு குறைந்தது 14 நாள் காயவிடாமல் வையுங்கள். கொத்தனார் கூலியை முழுதும் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிறோம். எங்கள் முதல் தொட்டி வெடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுச் சிமெண்ட்டில் தேங்கும் நீரில் சுண்ணாம்புக் காரம் ஏறும். ஆகவே நிரப்பி, இரண்டு மூன்று நாள் விட்டு, தேய்த்துக் கொட்டி, இப்படி மூன்று முறை செய்த பிறகே குடிநீராக விடுங்கள். அதுவரை மேலே முள் போட்டு மூடி வையுங்கள்.

எந்தத் தண்ணீர்?

நம் மாவட்டத்திலும் தருமபுரியிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது தெரிந்ததே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். குட்டையில் நீர் ஆவியாகும், அதிலுள்ள உப்பு போகாது. மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு கூடிக்கொண்டே போகும். முடிந்தவரை மழைநீரே நல்லது.

நம் பள்ளிவாசல், மதரஸாக் கட்டடங்களின் மொட்டை மாடிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இங்கே ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் விழுவது ஏறக்குறைய 74,000 லிட்டர். சிந்திச் சிதறியது போக 55,000 லிட்டராவது சேரும். 10,000 லிட்டர் சம்ப் ஒன்று நிறைந்திருந்தால் வாரம் ஒருமுறை குட்டையை நிரப்ப ஒன்பது வாரங்களுக்கு வரும். கோடை மழை இடையில் கை கொடுத்தால் இன்னும் நீளும்.

தண்ணீர் கொண்டுபோக, ஆலைகளில் இருந்து மலிவாக விற்பனைக்கு வரும் பழைய ரசாயன டிரம்களை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது பாத்திரம் ஆகாது. நுரை ஓடும் ஆற்று நீரும், ஆலைப் பக்கத்துக் கால்வாய் நீரும் வேண்டாம்.

கட்டிய பிறகுதான் வேலை

வாரம் ஒருமுறை பழைய நீரைப் பக்கத்து மரங்களுக்கு இறைத்துவிட்டு, பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து, புதிதாக நிரப்ப வேண்டும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரக் கணக்குத் தவறாவிட்டால் நம் குட்டையில் கொசு பிறக்காது. சோப்பு, பிளீச்சிங் பவுடர், பினாயில் எதுவும் வேண்டாம்.

ஆடு மாடுகளை அங்கே விடாதீர்கள். கோமாரி போன்ற நோய்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவும். அவற்றுக்குத் தனியாகக் கல்தொட்டி வையுங்கள். உப்புக்கட்டி, பழம், பிஸ்கட் எதையும் குட்டை அருகே வைக்காதீர்கள். விளக்கு போடாதீர்கள். கண்ணியோ வெடிவைத்த காயோ கண்ணில் பட்டால் கை வைக்காமல் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். தண்ணீருக்கு வரும் உயிரைப் பிடிக்கக் காத்திருப்பவர்களும் உண்டு.

மழைக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை விளிம்பையும் பூச்சையும் பாருங்கள். மயிரிழை வெடிப்பை அப்போதே வெட்டி அகலப்படுத்திக் கலவை வைத்து அடைத்தால் போதும். விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு முழுதும் இடிக்க வேண்டி வரும்.

இதையெல்லாம் யார் செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் கட்டத் தொடங்காதீர்கள் என்பதே நாங்கள் சொல்ல வந்ததின் சாரம். நம் முன்னோர்கள் இதை அறிந்திருந்தார்கள். கெய்ரோவில் சுல்தான் காயித்பே 15ஆம் நூற்றாண்டில் கால்நடைகளுக்காகக் கட்டிய தண்ணீர் ஹவுளு இன்றும் நிற்கிறது. அந்தக் காலத்தில் இப்படிக் கட்டியவர்கள் கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் வக்ஃபு செய்யவில்லை. கடைகளையும் நிலங்களையும் சேர்த்து வக்ஃபு செய்து, அந்த வருமானத்தில் தண்ணீர் நிரப்பவும் பழுது பார்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். நம் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் தொட்டியும் ஆவுரிஞ்சிக்கல்லும் வைத்தவர்கள், கிணற்றிலிருந்து இறைத்து ஊற்ற ஒருவரை வைத்திருந்தார்கள். நாமோ கட்டும் செலவுக்கு ரசீது போடுகிறோம், நிரப்பும் செலவுக்கு யாரிடமும் கேட்பதில்லை.

ஆகவே இனி இதற்கென வரும் நன்கொடையை இரண்டு பாதியாகப் பிரிப்பது என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்திருக்கிறோம். ஒரு பாதி கட்ட, மறு பாதி குறைந்தது ஐந்து கோடைகளுக்கு நிரப்பவும் தேய்க்கவும். இரண்டாவது பாதி சேராவிட்டால் முதல் பாதியைத் தொடமாட்டோம். இப்போது இருக்கும் குட்டைக்கு, அதே கடலைக்காட்டு அம்மாவின் மகன்தான் மாதக் கூலிக்குத் தண்ணீர் விடுகிறார். வாரக் கணக்கு எழுதும் நோட்டு அவர் வீட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

பணம் தர இயலாதவர்கள் வருந்த வேண்டாம். வீட்டு மாடியில் அகலமான மண்சட்டி ஒன்று, ஏறி இறங்க உள்ளே ஒரு கல், தினமும் காலையில் புதுத் தண்ணீர். இதுவும் ஒரு குட்டைதான். ஓசூர் அடுக்குமாடி வீட்டிலும் முடியும். ஆனால் ஒருமுறை பழக்கிவிட்டால் சித்திரை வெயிலில் அந்தச் சட்டியைக் காயவிடாதீர்கள். அதை நம்பி வரும் சிட்டுக்குருவிக்கு வேறு இடம் தெரியாது.

நம் சிறு முயற்சிகளை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.

அறக்கட்டளைச் செயலாளர்